ஊசி முகாமுக்கு முன் வந்த துண்டுச்சீட்டுகள்: ஒரு பதினொன்றாம் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி உண்டு என்று பிரதமர் அறிவித்தது 2021 டிசம்பர் 25 இரவு. சென்னை சைதாப்பேட்டையில் ஓர் அரசுப் பள்ளியில் முதல்வர் ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தது 2022 ஜனவரி 3. இடைப்பட்ட நாட்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை. மாநிலம் முழுக்கச் சுமார் 33 லட்சம் பிள்ளைகள் என்று கணக்கு வந்துவிட்டது, மருந்து (கோவாக்சின்) வந்துவிட்டது, பள்ளியிலேயே முகாம் நடத்தவும் ஏற்பாடாகிவிட்டது. பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் அவர்களிடம் பேசியது வாட்ஸ்அப்தான்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. விடுமுறை முடிந்து வந்த பதினொன்றாம் வகுப்பு முதல் டோஸுக்குச் சற்று முன்பிருந்து இரண்டாம் டோஸ் வரை எதைக் கேட்டது, எதை நம்பியது, யாரை நம்பியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வகுப்பை வைத்து மாநிலத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தகவல் பஞ்சமே இல்லை. சந்தேகத்தைக் கேட்டால் திட்டாமல் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை, அதுதான் பஞ்சம். அந்த ஆள் கிடைத்த இடத்தில் அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகவே யோசித்தார்கள்.

இந்தப் பிள்ளைகள் யார்

2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இவர்கள் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் பெரும்பகுதி வீட்டிலேயே போனது. 2021 ஜனவரி 19 அன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் பள்ளி திறந்து, வைட்டமின் மாத்திரையும் ஜிங்க் மாத்திரையும் கொடுத்து, பெஞ்சுக்கு இரண்டு பேராக உட்காரவைத்தோம். மார்ச்சில் மறுபடியும் மூடினோம். பொதுத்தேர்வு இல்லாமலே தேர்ச்சி. பதினொன்றாம் வகுப்புக்கு இவர்கள் நேரில் வந்தது 2021 செப்டம்பர் 1.

ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன்தான் பல வீடுகளில் முதல் ஸ்மார்ட்போன். தோட்டை அடகு வைத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அது பிள்ளையின் கையில் இருந்ததால், வீட்டுக்கு வருகிற எந்த மருத்துவச் செய்தியையும் முதலில் படித்தது பிள்ளைதான், பாட்டிக்குப் படித்துக் காட்டியதும் பிள்ளைதான். 2021 ஏப்ரல் 28 அன்று தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்தபோது அது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அப்பா அம்மாவுக்கு ஸ்லாட் தேடிப் பதிவு செய்தது, ஓடிபி வந்த இரண்டு நிமிடத்துக்குள் தட்டி முடித்தது, சான்றிதழை இறக்கி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது எல்லாமே இந்தப் பதினைந்து வயதுகள். தங்களுக்கு ஊசி கிடையாது, ஆனால் தெருவுக்கே ஊசிப் பதிவு.

அதோடு நிற்கவில்லை. இரண்டாம் அலையின் உச்சத்தில், 2021 மே 21 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. ஆம்புலன்ஸ் வராது, படுக்கை கிடைக்காது என்று எல்லோரும் பயந்துகிடந்த நாட்கள். வகுப்பில் ஒரு மாணவி அப்போது நடந்ததை அப்புறம் சொன்னாள். பக்கத்து வீட்டிலிருந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கி வந்து பாட்டியின் விரலில் மாட்டியிருக்கிறார்கள், 91 காட்டியிருக்கிறது. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று எல்லோருக்கும் மனப்பாடம், வீடே அழ ஆரம்பித்துவிட்டது. இவள் பாட்டியின் கையைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார் பாட்டி. இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, எண் ஓடி நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்து பார்த்தாள். 96. அப்படியும் விட்டுவிடவில்லை, இரவு முழுக்க மணிக்கொரு தடவை பார்த்து நோட்டில் எழுதி, காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியிருக்கிறாள்.

குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கை அசைவு, இவையெல்லாம் அளவைக் கெடுக்கும் என்று இவளுக்கு யார் சொன்னது? யூடியூபில் ஒரு டாக்டர் சொன்னாராம். அதே யூடியூபில் மூக்கில் எலுமிச்சைச் சாறு விட்டால் கொரோனா செத்துவிடும் என்ற வீடியோவும் ஓடியது. இவள் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டாள். எப்படிப் பிரித்தாள் என்று கேட்டேன். "அவரு ஏன்னு சொன்னாரு மிஸ், இவரு ஷேர் பண்ணுங்கன்னு மட்டும் சொன்னாரு" என்றாள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இதை நான் படித்ததில்லை.

சீட்டுகள்

ஜனவரி 3 அன்று வகுப்புக்குள் போனபோதே சலசலப்பு. ஒப்புதல் சீட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தார்கள். கொடுத்தால் பாதி திரும்பி வராது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், ஊசி பற்றிக் கேள்விப்பட்டதை எழுதச் சொன்னேன். நம்புகிறாயா இல்லையா என்றெல்லாம் கேட்கவில்லை, கேள்விப்பட்டது போதும்.

வந்தவற்றில் சில: "ஊசி போட்டா ரெண்டு வருஷத்துல செத்துடுவாங்களாம், நோபல் பரிசு வாங்குனவரே சொல்லிட்டாரு." "விவேக் சார் எப்படி செத்தாரு?" "பீரியட்ஸ் டைம்ல போடக்கூடாதாம்." "குழந்தை பொறக்காதுன்னு எங்க அத்தை சொல்றாங்க." "எனக்கு ஏற்கனவே வந்துடுச்சு, எதுக்கு ஊசி?" "எங்களுக்கு மட்டும் ஏன் கோவாக்சின்?" "டேட் முடிஞ்ச மருந்தை ஸ்கூல் பசங்களுக்குப் போடறாங்களாம்." ஒரே ஒரு சீட்டில், "இது ஊசி பத்தின கேள்வி இல்ல, ராத்திரி தூக்கம் வரல மிஸ்." அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றில் சிலது அப்பட்டமான பொய், சிலது பாதி உண்மை, சிலது மிகச் சரியான கேள்வி. எல்லாவற்றையும் சேர்த்து வதந்தி என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் வழக்கம். பதாகைகளில் "வதந்திகளை நம்பாதீர்" என்று எழுதுகிறார்களே, அந்த வரி ஒரு பிள்ளைக்கும் எதையும் கற்றுக்கொடுக்காது. எது வதந்தி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதில் இல்லையே.

நோபல் பரிசுக்காரரை முதலில் எடுத்தோம். லுக் மொன்டாக்னியே, பிரெஞ்சு விஞ்ஞானி, எச்ஐவி கிருமியைக் கண்டறிந்ததற்காக 2008-ல் பரிசு பெற்றவர். ஆள் உண்மை, பரிசு உண்மை. 2021 மே மாதம் சுற்றிய ஒரு பேட்டியில் கொரோனா தடுப்பூசிகளைக் குறை சொன்னதும் உண்மை. இரண்டு வருடத்தில் செத்துவிடுவார்கள் என்ற வரியை மட்டும் யாரோ ஒட்டியிருக்கிறார்கள், அவர் அப்படிச் சொல்லவே இல்லை. மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி-யின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அதே மாதம் இதைப் பொய் என்று முத்திரை குத்திப் போட்டது. அந்த முத்திரையைக் காட்டியபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "கவர்மெண்ட் பொய்னுதான சொல்லும்" என்றான். அவன் கேட்டதில் தவறே இல்லை, யார் சொல்கிறார்கள் என்று பார்ப்பதும் ஒரு திறமைதானே. அதனால் முத்திரையை ஒதுக்கிவிட்டு, அந்தப் பேட்டியில் அந்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்று அவர்களையே போனில் தேடச் சொன்னோம். பரப்பியவர்கள் எல்லோரும் ஒரே ஃபார்வர்டைத்தான் காட்டினார்கள், ஒருவரிடமும் அவர் அதைச் சொல்கிற வீடியோ இல்லை. முத்திரை செய்யாததை அந்தத் தேடல் செய்தது. அவர் இந்த விஷயத்தில் சொன்ன மற்றக் கருத்துகளையும் துறை வல்லுநர்கள் ஏற்கவில்லை, பரிசு வாங்கியவர் என்பதாலேயே எல்லாவற்றிலும் சரியாக இருப்பார் என்றில்லை என்று பேசி முடித்தோம்.

விவேக்

இதுதான் கனமான கேள்வி. நடிகர் விவேக் மரம் நடுகிறவர் என்று இந்தப் பிள்ளைகளுக்கு அவர்மேல் தனிப் பிரியம். 2021 ஏப்ரல் 15 அன்று, மற்றவர்கள் பயப்படக்கூடாது என்பதற்காகவே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி அதிகாலை இறந்துவிட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு ஆய்ந்து சொன்னது அக்டோபரில்தான் வெளியே வந்தது. நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் எத்தனை டீக்கடையில் எத்தனை பேச்சு! அக்டோபர் முடிவு யார் காதிலும் விழவில்லை, வகுப்பில் ஒருவருக்குக்கூட அது தெரியாது.

முடிவை வாசித்துக் காட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 6 பேர் இறக்கிறார்கள், கொரோனாவுக்கு முந்தைய கணக்கு. 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி போட்டார்கள். சரி, அந்த 28 லட்சம் பேருக்கும் ஊசிக்குப் பதில் வெறும் தண்ணீர் போட்டிருந்தால், மறுநாள் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்?

கரும்பலகையில் ஒரு மாணவன் போட்டான். 28 லட்சத்துக்கு ஆண்டுக்கு 16,800. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 46. வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. எந்த ஊசியும் இல்லாமல், மறுநாள் மட்டும் 46 வீட்டில் சாவு, அந்த 46 வீட்டிலும் "நேத்துதான் ஊசி போட்டாங்க" என்றுதானே சொல்வார்கள்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், படுத்த படுக்கையா இருக்கறவங்க முகாமுக்கு வரமாட்டாங்களே, அப்போ 46-ஐ விடக் கம்மியாதான இருக்கும்?" இன்னொருத்தி, "ஆனா குழந்தைங்க யாரும் ஊசி போடலையே, பெரியவங்க மட்டும்தான, அப்போ கூடத்தான் இருக்கும்" என்றாள். கால் மணி நேரம் இதிலேயே போனது. கணக்கு 40-ஆ 50-ஆ என்பதைவிட, எதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. பிளஸ் டூ விலங்கியலில் நோய்த்தடைக்காப்பியல் என்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது, எதிர்ப்பொருளின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வோம். இந்த ஒப்பீடு அதில் இல்லை. அடுத்த பதிப்பிலாவது சேர்க்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தடுப்பூசிகளால் எந்தக் கெடுதலும் வராது என்று நான் சொல்லவில்லை. வெளிநாடுகளில் போட்ட எம்ஆர்என்ஏ வகை ஊசிகளில் (ஃபைசர் போன்றவை) இளம் ஆண்களுக்கு அரிதாக இதயத் தசையில் அழற்சி வந்ததும், கோவிஷீல்டு வகை ஊசியில் மிக அரிதாக ரத்தம் உறைந்ததும் ஆய்வில் உறுதியானவை. அவற்றைக் கண்டுபிடித்ததும் இதே ஒப்பீட்டை வைத்துத்தான். "எங்களுக்குத்தான் லேசா வருதே, எதுக்கு ஊசி" என்ற கேள்விக்கும் அப்படித்தான் நேராகப் பதில் சொன்னோம்: ஆமாம், உங்கள் வயதில் பெரும்பாலும் லேசாகத்தான் வரும். 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில் 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்தது. ஆனாலும் வந்துபோன நோயின் பாதுகாப்பு நாளாக நாளாகக் குறையும். ஆஸ்துமா, சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு அது லேசாகவே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, வீட்டில் தாத்தா பாட்டி வேறு இருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

தேதி தள்ளிப்போனது

2021 ஏப்ரலிலேயே ஒரு செய்தி சுற்றியது: மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்பும் ஐந்து நாள் பின்பும் பெண்கள் ஊசி போடக்கூடாது. அதையும் பொய் என்று அறிவித்தார்கள், சரிதான், போடக்கூடாது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் பிள்ளைகள் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. ஊசி போட்டால் தேதி மாறுமா?

வகுப்பில் இதைப் பேச முடியவில்லை, பையன்களும் இருந்தார்கள். மாதாமாதம் நாப்கின் கொடுக்க வருகிற கிராம சுகாதார செவிலியர் அந்த வாரம் வந்திருந்தார். பெண்பிள்ளைகளை மட்டும் லேபுக்குள் உட்காரவைத்தோம். அவர் சொன்ன பதில் இது: "போட்டுக்கறதுல ஒரு ஆபத்தும் இல்லம்மா. தேதி மாறுமான்னு எனக்குத் தெரியல, ஆராய்ச்சி நடந்துட்டு இருக்கு. மாறிச்சுன்னா பயப்படாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க, குறிச்சுக்கறேன்." கர்ப்பப்பை, கருத்தரிப்பு பற்றியும் கேட்டார்கள். குழந்தை பிறக்காது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, கர்ப்பிணிகளுக்கே 2021 ஜூலையிலிருந்து இந்த ஊசிகளைப் போடுகிறோம், நானே போட்டிருக்கிறேன் என்றார்.

அந்த "தெரியல" எவ்வளவு பெரிய வேலை செய்தது என்பது பிப்ரவரியில்தான் தெரிந்தது. முதல் டோஸ் முடிந்த சில நாளில் ஓமைக்ரான் ஏறி, மாத இறுதிவரை பள்ளி மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தது. 28 நாள் இடைவெளிக்குப் பிறகு இரண்டாம் டோஸ் வரும் நேரத்தில் ஒரு மாணவி வந்து, "மிஸ், எனக்கு நாள் தள்ளிப்போச்சு" என்றாள். பயமில்லை அவளிடம், செவிலியருக்கு போன் பண்ணிவிட்டாள், அவரும் குறித்துக்கொண்டார். இதற்குள் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்திருந்தது, 2022 ஜனவரி முதல் வாரம். கைபேசிச் செயலியில் மாதவிடாய்க் கணக்கு வைத்திருந்த ஏறத்தாழ 4,000 பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில், ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் சுழற்சி ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போயிருந்தது, அதுவும் பிறகு சரியாகிவிடுகிற அளவுதான். அவர்கள் எல்லோரும் 18 வயதைத் தாண்டியவர்கள், போட்டதும் வேறு கம்பெனி ஊசிகள், அதனால் உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, பரீட்சை பயத்திலும் சாப்பாடு குறைந்தாலும்கூட இந்த வயதில் தேதி மாறும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் செவிலியர் "அதெல்லாம் வதந்தி, ஒண்ணும் ஆகாது" என்று அடித்துச் சொல்லியிருந்தால் பிப்ரவரியில் அந்தப் பெண் யாரிடம் போயிருப்பாள்? அத்தையிடம். அத்தை சொன்ன குழந்தை பிறக்காது என்ற பேச்சு அன்றைக்கு உண்மையாகத் தெரிந்திருக்கும், இரண்டாம் டோஸுக்கு அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்கூட வந்திருக்கமாட்டாள்.

குப்பியில் இருந்த தேதி

முதல் முகாம் அன்று வரிசையில் நின்ற ஒரு பையன், மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னான். ஊசி போட வந்தவர்களுக்குக் கோபம், "நீ டாக்டரா?" என்று அதட்டினார்கள். பையன் கூனிக்குறுகிப் போனான். எனக்கு வருத்தம் இன்னும் தீரவில்லை. கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கினாலும் தேதி பாருங்கள் என்று ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பார்த்தவனை அதட்டுவது என்ன நியாயம்?

அவன் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. பழைய லேபிளில் காலாவதித் தேதி முடிந்த கோவாக்சினைப் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள் என்று அந்த நாட்களில் நாடு முழுக்கப் பேச்சு. நடந்தது இதுதான்: கோவாக்சினின் ஆயுளை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டிக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபரிலேயே ஒப்புதல் தந்துவிட்டது. ஒரு தடுப்பூசி புதிதாக வரும்போது எத்தனை மாதம் சோதித்திருக்கிறார்களோ அத்தனை மாதத்துக்குத்தான் தேதி போட முடியும். சோதனை தொடரத் தொடர, வீரியம் குறையவில்லை என்று தெரிந்தால் தேதியை நீட்டிப்பார்கள். இதைச் சுகாதார அமைச்சகம் விளக்கியது ஜனவரி 3 அன்று, புகார் கிளம்பிய பிறகு. ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தால் எந்தப் பையனும் திட்டு வாங்கியிருக்கமாட்டான். அன்று மதியம் முகாமின் மருத்துவ அலுவலர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் பையனைக் கூப்பிட்டு குப்பியைக் கையில் கொடுத்து, பேட்ச் எண் எங்கே, தேதி எங்கே என்று காட்டினார். அவன் வாசித்தான், போட்டுக்கொண்டான். மாலைக்குள் வகுப்பு முழுக்க அந்த பேட்ச் எண் தெரியும்.

மாத்திரை விஷயமும் இப்படித்தான். ஊசி போட்டதும் பாராசிட்டமால் கையில் கொடுக்கிற வழக்கம் பல இடத்தில் இருந்தது. கோவாக்சின் போட்ட பிறகு பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ பரிந்துரைக்கவில்லை என்று அதைத் தயாரிக்கும் பாரத் பயோடெக் ஜனவரி 5 அன்று அறிக்கை விட்டது. போன் வைத்திருக்கிற பிள்ளைகள் படித்துவிட்டு வந்து கேட்டார்கள். காய்ச்சல் வந்தால் போடு, வராமலே முன்கூட்டிப் போடாதே என்று செவிலியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தூக்கம் வராத சீட்டு

பெயர் இல்லாத சீட்டு என்பதால் யார் என்று தெரியாது, தேடவும் கூடாது. மறுநாள் வகுப்பில் பொதுவாகவே பேசினேன்: இரவு தூக்கம் வராதது, காரணமில்லாமல் அழுகை வருவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இதெல்லாம் காய்ச்சல் மாதிரியே சொல்லி மருந்தும் துணையும் தேடவேண்டிய விஷயம், 104-க்குப் போன் செய்தால் பேச ஆள் இருக்கிறார்கள் என்று எண்ணைப் பலகையில் எழுதி அழிக்காமல் விட்டேன். யூனிசெஃப் 2021-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மனநலச் சிக்கலுக்கு மற்றவர் உதவியை நாடுவது நல்லது என்று சொன்ன இந்திய இளைஞர்கள் 41 சதவீதம்தான். 21 நாடுகளின் சராசரி 83. இத்தனைக்கும் இந்த வகுப்பில் அப்பாவை இழந்தவர்கள் இருக்கிறார்கள், மூன்று மாதம் ஜவுளிக் கடையில் நின்றுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். சில நாள் கழித்து மூன்று பேர் தனித்தனியாக வந்து பேசினார்கள். சீட்டு எழுதியவர் அதில் இருந்தாரா, தெரியாது.

எதை வைத்து அளப்பது

டான் நட்பீம் என்ற ஆய்வாளர் 2000-ல் எழுதிய கட்டுரையில் சுகாதார எழுத்தறிவை மூன்று படியாகப் பிரித்தார். சொன்னதைப் படித்துப் புரிந்துகொள்வது, கேட்டும் பேசியும் தன் நிலைமைக்குப் பொருத்திக்கொள்வது, கிடைத்ததை எடைபோட்டுப் பார்ப்பது. பின்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பத்துக் கேள்வி கொண்ட ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். இரண்டு இடத்தில் கிடைத்த தகவலை ஒப்பிடத் தெரியுமா, சரியா தவறா என்று முடிவுசெய்யத் தெரியுமா, உன் முடிவுக்குக் காரணம் சொல்லத் தெரியுமா என்கிற ரகம். அங்கே சுகாதாரக் கல்வி ஒரு தனிக் கட்டாயப் பாடம், மதிப்பெண்ணும் உண்டு, தொற்றுக்குப் பல ஆண்டு முன்பிருந்தே.

என் வகுப்பை இதில் வைத்துப் பார்த்தால் முதல் படியில் குறையில்லை. 94-க்கும் 96-க்கும் அர்த்தம் தெரியும். மூன்றாவது படிக்கான திறமையும் இருக்கிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் முகாமுக்கு வரமாட்டார்களே என்று கேட்டவளுக்கு நான் எதையும் சொல்லித்தரவில்லை. உடைவது இரண்டாம் படியில். கேட்க ஆளில்லை, கேட்டால் "நீ டாக்டரா" என்கிறார்கள். இங்கே பிள்ளைகளைத் திருத்துவதைவிடப் பெரியவர்களைத் தயார்செய்வது அவசரம். ஆயுஷ்மான் பாரத் பள்ளிச் சுகாதாரத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து சுகாதாரத் தூதுவர்கள் ஆக்குவோம் என்று 2020 பிப்ரவரியில்தான் தொடங்கினார்கள். அடுத்த மாதமே பள்ளி மூடிவிட்டது. நல்ல யோசனை, தேவைப்பட்ட நேரத்தில் கையில் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் கதை. பெயர்ப் பட்டியலில் இருந்தும் செப்டம்பரில் திரும்பாதவர்கள் இருந்தார்கள். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கல்யாணம் முடிந்துபோன ஒரு பெண். அவர்களுக்கும் அதே வயது, அதே ஃபார்வர்டு வந்திருக்கும், சீட்டு கொடுக்க யாரும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு பையனைத் தெருவில் பார்த்துக் கேட்டேன், "மேஸ்திரி வேணாம்னுட்டாரு மிஸ், காய்ச்சல் வந்தா கூலி போயிடும்" என்றான். அவனுக்குத் தெரியாதது ஊசியைப் பற்றி எதுவுமில்லை, ஒரு நாள் கூலிதான் அவனைத் தடுத்தது.

எங்கள் பள்ளியில் சீட்டுப் பெட்டி இப்போதும் இருக்கிறது. டெங்கு மாதங்களில் பப்பாளி இலைச் சாறு, தேர்வு மாதங்களில் ஞாபகசக்தி மாத்திரை, எப்போதும் முகத்துக்குப் பூசும் கிரீம். 2025 மாநில பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்களுக்கு எச்பிவி தடுப்பூசி அறிவித்த பிறகு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த வயதிலேயே ஏன் ஊசி, போட்டால் குழந்தை பிறக்குமா, ஏன் பையன்களுக்கு இல்லை என்று கேள்விகள் வந்துவிட்டன. பதில் எல்லாமே இருக்கிறது: கிருமி உடலுக்குள் வருமுன் போட்டால்தான் முழுப் பலன், கருத்தரிப்பைப் பாதிப்பதற்கு ஆதாரம் இல்லை, பல நாடுகளில் பையன்களுக்கும் போடுகிறார்கள். முகாம் தேதி குறிப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு பிற்பகலை ஒதுக்கி, செவிலியரை வரவழைத்து, பெண்பிள்ளைகளோடு அவர்களின் அம்மாக்களையும் உட்காரவைத்து இதைப் பேச அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். ஒப்புதல் சீட்டு அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகட்டும்.